மறதி நோயை ஆராய்ந்த டாக்டர் அல்ஸைமர்

மனிதன் பெற்றுள்ள செல்வங்களுள் ஞாபக சக்தியே தலையாயது என்பதை, அதனை இழந்தாரைக் கண்டவர் எளிதில் ஒப்புக்கொள்வர். பொருளை இழந்தவன் உழைத்து மீண்டும் ஈட்டலாம். பார்வையை இழந்தவன் பிறர் கைபற்றி நடக்கலாம். தான் பெற்ற மகனையே அயலானென்று எண்ணும் நிலையை அடைந்தவர்க்கு எதைக் கொண்டு எதை ஈடுசெய்வது? முதுமையில் அறிவு மங்குதல் இயற்கையே என்று உலகம் நெடுங்காலம் எண்ணி வாளாவிருந்தது. அவ்வாறன்று, மூளையிற் கண்ணாற் காணத்தக்க அடையாளங்களையுடைய நோய் அதனுள் மறைந்திருக்கின்றது என்று தெளிவுறக் காட்டியவர் ஜெர்மனி தேசத்து வைத்தியராகிய டாக்டர் அலோயிஸ் அல்ஸைமர். அவர் பெயரைப் பத்திரிகை படிப்பார் யாவரும் இன்று அறிவர். அவர் வாழ்க்கையை அறிந்தவர் சிலரே. ஆதலின் அவர் சரித்திரத்தையும், அவர் காட்டிய நோய்க்கு மருந்து தேடி எலிகளிடத்தே பிற்காலத்தார் நடத்திவரும் சோதனைகளையும் நம் கல்லூரி மாணவர் பொருட்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. நாம் வாழும் மணிமங்கலம் பழமையான ஊர். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் கி.பி. 642-ஐ ஒட்டிச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் மணிமங்கலமும் ஒன்றெனக் கூரம் செப்பேடு குறிக்கின்றது. இராஜாதிராஜன், வீரராஜேந்திரன் முதலிய சோழ வேந்தர்களின் சாசனங்களை இவ்வூர் இராஜகோபாலப் பெருமாள் கோயிலில் இன்றும் காணலாம். கல்லும் செம்பும் ஆயிரம் ஆண்டுச் செய்தியைக் காத்து நிற்க, அக்கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலே, காலையில் உண்டதை நண்பகலில் மறந்து, மீண்டும் சோறு கேட்டு அமர்ந்திருக்கும் முதியோர் சிலரையும் காண்கின்றோம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு இளைஞர் பகல் முறை, இரவு முறை என்று மாறிமாறிச் செல்ல, முதியவர் பலர் வீட்டில் தனித்திருக்கின்றனர். அவர்கள் நிலையைக் கண்டு மனம் நொந்த பிள்ளைகள், எலியின் மறதி தீர்ந்ததாம் என்று யாரோ எழுதிய செய்தியை நம்பி, கிடைத்த சூரணத்தையெல்லாம் வாங்கிக் கொடுக்கின்றனர். எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பதை அறிவதற்கு அல்ஸைமருடைய வாழ்க்கை நல்ல வழிகாட்டி என்பது நம் கருத்து.

பிறப்பும் கல்வியும்

அல்ஸைமர் 1864-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் தேதி, பவேரியா நாட்டில் மைன் நதிக்கரையிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பத்திரங்களைப் பதிவு செய்யும் அரசாங்க உத்தியோகஸ்தர். அவர் பிறந்த வீடு இப்போது நினைவகமாக விளங்குகின்றது. ஆஷாபென்பர்க் நகரத்தில் பள்ளிக்கல்வியை முடித்து, பெர்லின், டூபிங்கன், உர்ட்ஸ்பர்க் ஆகிய சர்வகலாசாலைகளில் வைத்தியம் பயின்றார். கல்வியிற் சிறந்து விளங்கிய அவர் விளையாட்டுத்தனத்திலும் குறைந்தவரல்லர். மாணவர் சங்கத்து வாட்போரிற் பெற்ற தழும்பு ஒன்று ஆயுள் முழுவதும் அவர் முகத்தில் இருந்தது. காதிற் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப்பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். அற்பமென்று பிறர் ஒதுக்கக்கூடிய பொருளையும் நுண்காட்டியின்கீழ் வைத்து அமைதியாக ஆராயும் பழக்கம் அப்போதே அவரிடம் அமைந்திருந்தது.

பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரி

1888-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் உதவி வைத்தியராக அமர்ந்தார். அக்காலத்தில் சித்தம் கலங்கியோரைக் கட்டிவைத்தலும் அடைத்துவைத்தலும் எங்கும் வழக்கம். அவ்வாஸ்பத்திரித் தலைவராகிய எமில் ஸியோலியும் அல்ஸைமரும் அவ்வழக்கத்தை இயன்றவரை விலக்கினர். கொந்தளிக்கும் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் அமர்த்தி அமைதிப்படுத்துவதும், அருகிலிருந்து பேச்சுக் கொடுப்பதும் அவர்கள் கையாண்ட முறைகள். மறுவருஷம் பிரான்ஸ் நிஸ்ஸல் என்னும் மற்றொரு வைத்தியர் அங்கு வந்து சேர்ந்தார். நரம்பணுக்கள் விளங்கித் தோன்றுமாறு சாயமேற்றும் முறையைக் கண்டவர் அவர். இருவரும் பகலில் நோயாளிகளிடமும் இரவில் நுண்காட்டியிடமும் காலங் கழித்தனர். உயிருடனிருந்தபோது நோயாளி காட்டிய குணங்களுக்கும் இறந்தபின் அவர் மூளையிற் காணப்படும் மாறுதல்களுக்கும் உள்ள தொடர்பைக் காண்பதே அவ்விரு நண்பர்களின் நோக்கம்.

அல்ஸைமர் வைர வியாபாரி ஒருவரின் விதவையாகிய ஸெஸிலி அம்மையாரை மணந்து மூன்று மக்களைப் பெற்றார். 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வம்மையார் இறந்துபோனார். மணமாகாத சகோதரி ஒருவர் வந்து குழந்தைகளை வளர்க்க, அல்ஸைமர் தம் துயரத்தை வேலையில் அடக்கிக்கொண்டார்.

அகுஸ்தே அம்மையார்

அவ்வாண்டு நவம்பர் மாதம் 25-ஆம் தேதி, ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மனைவியாகிய அகுஸ்தே டேட்டர் என்னும் அம்மையார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரப்பட்டார். வயது 51. கணவர்மீது காரணமின்றிச் சந்தேகம், சமையலிற் குழப்பம், பொருள்களை ஒளித்துவைத்தல், வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் அலைதல் ஆகியவை சில மாதங்களாகப் பெருகிவந்தன. மறுநாள் அல்ஸைமர் அவரெதிரே அமர்ந்து வினவலானார். பெயர் கேட்டதற்குச் சரியாகச் சொன்னார். கணவர் பெயர் கேட்டதற்கும் தம் பெயரையே சொன்னார். பன்றியிறைச்சியும் கோசுப்பூவும் உண்டுகொண்டிருக்கையில் என்ன உண்கிறாரென்று கேட்க, கீரையென்றார். எழுதுகோல், சாவி முதலிய பொருள்களைக் காட்டினால் பெயர் சரியாக வந்தது. சற்றுநேரங் கழித்து எவற்றைக் கண்டாரென்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. தம் பெயரை எழுதச் சொன்னபோது முதற்சொல்லை எழுதி மற்றதை மறந்து நின்றார். தம்மையே தொலைத்துவிட்டதாக அவ்வம்மையார் முறையிட்டதையும் அல்ஸைமர் குறித்துக்கொண்டார்.

கேட்ட கேள்வி இன்னது, வந்த விடை இன்னது என்று பல நாள் அவர் எழுதிய குறிப்புகளில் தம் ஊகத்தை விடையோடு கலந்தாரில்லை. 1903-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற பேராசிரியர் எமில் கிரேப்பலினோடு மியூனிக் நகரத்திற்குச் சென்று, ஆரம்பத்திற் சம்பளமின்றியே ஆராய்ச்சி செய்தபோதும் அவ்வம்மையாரை அவர் மறக்கவில்லை. பிராங்க்பர்ட்டிலிருந்து செய்தி கேட்டுக்கொண்டே இருந்தார். 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி, பேச்சும் அடங்கிப் படுக்கையிற் கிடந்த அகுஸ்தே அம்மையார் உயிர் துறந்தார். ஸியோலி அவர் மூளையையும் குறிப்பேட்டையும் மியூனிக்கிற்கு அனுப்பிவைத்தார்.

டூபிங்கன் பிரசங்கம்

வெள்ளி உப்பினாற் சாயமேற்றும் புதிய முறையைக்கொண்டு அல்ஸைமர் அம்மூளையை ஆராய்ந்தார். மேற்பட்டை மெலிந்து சுருங்கியிருந்தது. நரம்பணுக்கள் பலவற்றினுள்ளே இழைகள் முறுக்கேறிச் சிக்குண்டு கிடந்தன; சில இடங்களில் அணு அழிந்து சிக்கு மட்டும் எஞ்சியிருந்தது. அணுக்களுக்கு வெளியே தினைமணிபோன்ற படிவங்கள் எங்கும் சிதறியிருந்தன. இவ்விரண்டையும் நாம் இழைச்சிக்கு என்றும் படிவம் என்றும் குறிப்போம். 1906 நவம்பர் 3-ஆம் தேதி டூபிங்கன் நகரத்து வைத்தியர் சபையில் இச்செய்தியை அவர் விளக்கிக் கூறினார். கேட்டிருந்தோருள் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிற்காலத்தில் உலகமெங்கும் பேசப்படும் கண்டுபிடிப்பு, பிறந்த நாளில் அவ்வாறு மௌனத்தையே பெற்றது.

1910-ஆம் ஆண்டில் கிரேப்பலின் தம் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இதனை அல்ஸைமர் நோய் என்று பெயரிட்டு வழங்கினார். அல்ஸைமரோ அப்பெயரைக் கொண்டாடவில்லை. இது தனிநோய்தானா, முதுமையில் வரும் அறிவு மயக்கமே முன்கூட்டி வந்ததா என்று 1911-ஆம் ஆண்டிலும் ஐயுற்று எழுதினார். யோஹான் என்னும் இரண்டாம் நோயாளியின் மூளையிற் படிவங்கள் மிகுந்திருந்தும் இழைச்சிக்கு இல்லாமையை மறைக்காமற் பதிப்பித்தார். தம் பெயர் தாங்கிய கொள்கைக்கு இடையூறான சான்றைத் தாமே எடுத்து வைத்தமை அவர் நேர்மைக்கு அறிகுறி.

அவரிடம் மாணவராக வந்தோர் பல தேசத்தார். அவருள் சாலமன் கார்ட்டர் புல்லர் என்பவரை நம்போன்ற மிஷன் கல்லூரியார் நினைவு கூர்தல் தகும். ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா நாட்டில் 1872-இற் பிறந்த அவருடைய பாட்டனார் அமெரிக்காவில் அடிமையாயிருந்து தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றவர். தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியாரும் மிஷன் வைத்தியத் தொண்டு செய்தவர்கள். திருச்சபையார் நடத்திய லிவிங்ஸ்டன் கல்லூரியிற் பயின்று, 1904-05-இல் மியூனிக்கில் அல்ஸைமரிடம் பழகி, பின் அமெரிக்காவில் இந்நோயைப்பற்றி 1912-இல் விரிவாக ஆங்கிலத்தில் எழுதியவர் அவரே.

கடைசி நாட்கள்

1912-ஆம் ஆண்டில் அல்ஸைமர் பிரெஸ்லோ சர்வகலாசாலைக்குப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அந்நகரம் இப்போது போலந்து நாட்டில் விராட்ஸ்வாப் என வழங்குகின்றது. பதவியேற்கச் சென்ற ரயிற் பிரயாணத்திலேயே நோயுற்றார். அந்நோய் இருதயத்தைப் பற்றியது. அதன்பின் முழுச் சுகம் பெறாமலே மூன்றாண்டுகள் உழைத்து, ஐரோப்பிய யுத்தம் நடந்துகொண்டிருந்த 1915-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் தேதி காலமானார். அப்போது அவர் வயது 51. அகுஸ்தே அம்மையார் ஆஸ்பத்திரிக்கு வந்த வயதும் அதுவே. பிராங்க்பர்ட்டில் மனைவியாரின் பக்கத்திலே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கைப்பட எழுதிய அகுஸ்தே அம்மையாரின் குறிப்பேடு காணாமற்போய், 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரிப் பழஞ்சுவடிகளிடையே கண்டெடுக்கப்பட்டது. பின்னர் மியூனிக்கில் அவருடைய கண்ணாடித் தகடுகளும் கிடைத்தன. அவற்றை மீண்டும் நோக்கியபோது, அவர் எழுதியவாறே இழைச்சிக்கும் படிவமும் இருக்கக் கண்டனர்.

எலிகளிடத்துச் சோதனை

அல்ஸைமர் கண்டது இறந்த மூளையை. மருந்தைச் சோதிக்க உயிருள்ள மூளை வேண்டும். மனிதனிடத்தில் முதலிற் சோதித்தல் தர்மமன்று. ஆகவே சாஸ்திரிகள் எலிகளை நாடினர். ஆனால் எலிக்கு இந்நோய் இயற்கையில் வருவதில்லை. அதனை எலியிடத்தே உண்டாக்கிய வழிகள் பல. அவற்றுள் இரண்டை மாத்திரம் கூறுவோம்.

முதல் வழி மருந்தினால் மறதியை உண்டாக்குதல். 1976-ஐ ஒட்டி இங்கிலாந்து தேசத்து ஆராய்ச்சியாளர், நோயாளிகளின் மூளையில் அஸிடைல்கோலின் என்னும் பொருளை ஆக்கும் நொதி குறைந்திருத்தலைக் கண்டனர். அப்பொருளின் வேலையைத் தடுப்பது ஸ்கோப்பொலமின். அது நம் ஊர் ஊமத்தையிலும் உண்டு. ஊமத்தை தின்றவன் புத்தி தடுமாறுவதை நம் முன்னோர் அறிவர். இம்மருந்தைச் சிறிதளவு பெற்ற எலி, கற்ற பாடத்தை மறக்கும். பிறகு வேறொரு மருந்தைக் கொடுத்து அம்மறதி நீங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

எலியின் ஞாபகத்தை அளப்பது எப்படியெனில், ரிச்சர்ட் மாரிஸ் என்னும் அறிஞர் 1981-இல் அமைத்த நீர்த்தொட்டி முறை பெரிதும் வழங்குகின்றது. வட்டமான தொட்டியில் நீர் நிரப்பிப் பால்போற் கலக்கிவிடுவர். நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடை மறைந்திருக்கும். நீந்த விடப்பட்ட எலி, சுற்றுச் சுவரிலுள்ள அடையாளங்களை நினைவிற் கொண்டு, நாளடைவில் அம்மேடையை விரைந்து சென்றடையும். மேடையை நீக்கிவிட்டு, எலி எவ்விடத்தில் அதிக நேரம் தேடுகிறதென்று பார்த்தால் அதன் நினைவு விளங்கும்.

இரண்டாம் வழி, மனிதனின் நோய் வித்தை எலியில் விதைத்தல். படிவங்களின் மூலப்பொருள் அமிலாய்டு என்னும் புரதத்துண்டு என்பது 1984-ஐ அடுத்துத் தெளிவாயிற்று. சில குடும்பங்களில் பரம்பரையாக இந்நோயை வருவிக்கும் மாறிய ஜீனை எலியின் கருவிற் சேர்த்து, மூளையிற் படிவங்கள் தோன்றும் சுண்டெலியை 1995-இல் உலகுக்கு அறிவித்தனர். அதற்குப்பின் இவ்வகை எலிகள் பல தோன்றின.

மருந்துகளின் ஒப்பீடு

முதல்வழியிற் பிறந்த மருந்துகள் அஸிடைல்கோலினைச் சிதைய விடாமற் காப்பவை. டாக்ரின் 1993-இலும், டொனெப்ஸில் 1996-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. டாக்ரின் கல்லீரலுக்குத் தீங்கு செய்தமையாற் பின்னர்க் கைவிடப்பட்டது. இவ்வினத்தைச் சேர்ந்த ரிவாஸ்டிக்மின் என்பதன் முன்னோடி, மேற்கு ஆப்பிரிக்காவில் குற்றவாளியைச் சோதிக்க ஊட்டிவந்த காலபார் அவரை விதையிலுள்ள நஞ்சு. அவ்விதையை ஸ்காட்லாந்து மிஷனரிமார் எடின்பரோவுக்கு அனுப்ப, பேராசிரியர் கிறிஸ்டிஸன் 1855-இல் தாமே சிறிது தின்று சோதித்து உயிர் பிழைத்தார். இம்மருந்துகள் நோயாளிகள் பலருக்குச் சில காலம் சிறு துணையாகின்றன. நோயின் ஓட்டத்தை நிறுத்துவதில்லை. எலியிடத்தே காட்டியதும் அவ்வளவே. ஸ்கோப்பொலமின் பெற்ற எலிக்குப் படிவமுமில்லை, இழைச்சிக்குமில்லை. ஒரு பொருளின் வேலை மாத்திரம் தடைப்பட்டிருந்தது. அக்குறையைத் தீர்க்கும் மருந்து அக்குறையளவே தீர்த்தது.

இரண்டாம் வழியின் கதை வேறு. 1999-இல் அமிலாய்டையே அம்மைப்பாலைப்போல் எலிகளுக்குக் குத்தினர். இளம் எலிகளிற் படிவம் தோன்றவேயில்லை. முதிர்ந்த எலிகளிற் குறைந்தது. மறுவருஷம் நீரிற் சோதிக்கப்பட்ட எலிகளின் நினைவும் காக்கப்பட்டதாக அறிவித்தனர். உலகம் மகிழ்ந்தது. மனிதருக்குக் கொடுத்தபோது, ஏறக்குறைய 300 பேரில் 18 பேருக்கு மூளை அழற்சி உண்டாக, 2002 ஜனவரியில் சோதனை நிறுத்தப்பட்டது. அதினும் வருந்தத்தக்கது 2008-இல் வெளியாயிற்று. ஊசி பெற்று, பிற்காலத்தில் இறந்த சிலரின் மூளையைத் திறந்து பார்த்தபோது படிவங்கள் பெரும்பாலும் துடைக்கப்பட்டிருந்தன. ஆயினும் அவர்கள் இறக்கும்வரை நோய் வளர்ந்துகொண்டே சென்றிருந்தது. எலியின் மறதியைத் தீர்த்த அதே செயல் மனிதனின் மறதியைத் தீர்க்கவில்லை.

எனினும் ஆராய்ச்சி வீணாயிற்று என்று கூறுதல் கூடாது. அவ்வழியே வளர்ந்த லெக்கானெமாப் என்னும் எதிர்ப்புப்பொருள், நோயின் தொடக்க நிலையிலிருந்த 1,795 பேரிடத்தில் 18 மாதம் சோதிக்கப்பட்டு, நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்ததாகக் கண்டு, 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. மூளை வீக்கமும் சிறு இரத்தக்கசிவும் சிலருக்கு நேர்கின்றன. இழந்த ஞாபகம் அதனால் மீள்வதில்லை. இழப்பின் வேகம் சற்றுத் தணிகின்றது.

நம் நாட்டு மூலிகைகள்

நீர்ப்பிரமி நம் பக்கத்து நீர்நிலைகளின் ஓரங்களில் வளரும் சிறு பூண்டு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சிசாலையார் 1982-இல் அதன் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்து, கற்கும் வேகமும் நினைவில் நிறுத்தும் ஆற்றலும் மிகுதல் கண்டனர். நலமுள்ள மனிதரிடத்தில் 12 வாரம் நடத்திய சில சோதனைகள் சிறு நன்மையைக் காட்டின. அல்ஸைமர் நோயுற்றாரிடத்தில் அது பயன்படுமென்பது நிலைநாட்டப்படவில்லை.

அமுக்கரா பற்றிய ஆராய்ச்சி இன்னும் சுவையானது. ஹரியானா மாகாணத்தில் மானேஸரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி நிலையத்தார் 2012-இல் வெளியிட்டது அது. நோய் வித்தைத் தாங்கிய முதிர்ந்த எலிகளுக்கு 30 நாள் அமுக்கராக் கிழங்கின் சாரத்தை வாய்வழியே கொடுத்தனர். எலிகளின் நடத்தை தேறிற்று, படிவங்கள் குறைந்தன. காரணத்தை மூளையில் தேடியவர்கள் கல்லீரலிற் கண்டனர். கல்லீரலில் ஒரு புரதம் பெருகி, இரத்தத்திற் கலந்து, மூளையிலிருந்து அமிலாய்டை வெளியே இழுத்தது. கல்லீரலில் அப்புரதத்தை அடக்கியபோது மருந்தின் பயனும் மறைந்தது. காரணத்தை நீக்கினாற் காரியம் நீங்குகிறதா என்று பார்த்த இம்முறையே சிறந்த சோதனைக்கு இலக்கணம். ஆனால் எலிக்குக் கொடுத்த அளவு உடலெடை ஒரு கிலோவுக்கு ஒரு கிராம். சிறு பிராணியின் உடல் மருந்தை வேகமாகச் செலவழிக்கும். ஆதலின் அவ்வளவை மனிதனெடைக்குப் பெருக்கிக் கொள்வது பெருந்தவறு. அமுக்கரா உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பழுதுற்ற செய்தியும் வைத்தியப் பத்திரிகைகளிற் பதிவாகியுள்ளது.

மஞ்சளின் கதையும் இவ்வாறே. 2001-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மஞ்சளின் சத்தாகிய குர்க்குமினை ஊட்டிய எலிகளில் அமிலாய்டு குறைந்ததென அறிவித்தனர். 2012-இல் 36 நோயாளிகளிடத்தில் 24 வாரம் நடந்த சோதனையில் நன்மையொன்றும் தோன்றவில்லை. உட்கொண்ட சத்து இரத்தத்தில் மிகச் சொற்பமே சேர்ந்தது.

ஒப்பிடும் முறை

இத்தனை வேற்றுமைக்குக் காரணம் யாதென்று மாணவர் கேட்பர். சோதனை எலிகள் பெரும்பாலும் பரம்பரை வித்தைத் தாங்கியவை. மனிதருள் அவ்வித்தினால் நோயுறுவோர் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எலிக்குப் படிவம் தோன்றினும், மனித மூளையிற்போல் நரம்பணுக்கள் கூட்டங்கூட்டமாக அழிவதில்லை. பல வகை எலிகளுக்கு இழைச்சிக்கும் இல்லை. மனிதனுக்கு நோய் வெளிப்படுமுன் பத்தாண்டுகளுக்கு மேலாகப் படிவம் சேர்கின்றது. எலிக்குச் சில மாதங்களே. மேலும் எலிக்கு மருந்து நோய் முற்றுமுன் கொடுக்கப்படுகின்றது. மனிதனோ வீட்டு வழியை மறந்தபின்தான் வைத்தியரிடம் வருகின்றான்.

ஆகவே இரு மருந்துகளை ஒப்பிடுவார் சில வினாக்களை எழுப்பவேண்டும். இரண்டும் ஒரே வகை எலியிற் சோதிக்கப்பட்டனவா? எலிகளின் வயதும் பாலும் ஒன்றா? மருந்து நோய்க்கு முன்னே தரப்பட்டதா, பின்னே தரப்பட்டதா? எந்த எலி மருந்து பெற்றதென்பதை அளவெடுத்தவர் அறியாதிருந்தாரா? எலி மேடையை விரைந்தடைந்தது நினைவினாலா, நீந்தும் வலிமை கூடியதனாலா? வேறொரு சோதனைச்சாலையிலும் அதே முடிவு கிடைத்ததா? இவ்வினாக்களுக்கு விடையில்லாத செய்தி எத்துணை இனியதாயினும் அதை மருந்துக்கடைக்குக் கொண்டுசெல்லலாகாது. அமிலாய்டைப்பற்றி 2006-இல் வெளிவந்து மிகுந்த புகழ்பெற்ற ஆராய்ச்சிக் கட்டுரையொன்று, அதன் படங்கள் திருத்தப்பட்டிருந்தமை புலப்பட்டதனால் 2024-இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. தமக்கு மாறான சான்றையும் மறையாது வைத்த அல்ஸைமரின் பெருமை இங்கே விளங்கும்.

நாம் செய்யத்தக்கது

2023-இல் வெளியான கணக்கின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோருள் 7.4 சதவீதம் பேர், அஃதாவது 88 லட்சம் பேர், அறிவு மயக்க நோய்களால் வருந்துகின்றனர். சென்னையிலும், மிஷன் வைத்தியக் கல்லூரியாற் புகழ்பெற்ற வேலூரைச் சூழ்ந்த கிராமங்களிலும், 10/66 என்னும் பெயருடைய சர்வதேசக் குழுவினர் இதனை ஆராய்ந்தனர். நோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் 10 சதவீதங்கூட அங்கே நடைபெறவில்லை என்பதைக் குறிப்பதே அப்பெயர். நம் நாட்டுக் குடும்பத்தார் பலர் இதனை நோயென்றே கருதுவதில்லை. முதியவர் வேண்டுமென்றே தொல்லை தருகின்றாரென்று கடிந்துகொள்வாரும் உளர்.

மறதி கண்டவுடன் சூரணம் தேடுதல் வேண்டா. முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். தைராயிடு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, வேறு மருந்துகளின் விளைவு முதலியவற்றால் வரும் மறதியும் உண்டு. அவை பெரும்பாலும் மருத்துவத்திற்கு இணங்குவன. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் அடக்குதல், செவி மந்தத்திற்குக் கருவி பொருத்துதல், நாள்தோறும் நடத்தல், மனிதரோடு பழகுதல் ஆகியவை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். நோய் உறுதியானால், எழுதல், உண்ணல், உறங்கல் முதலியவற்றை நாள்தோறும் ஒரே நேரத்தில் நடத்துதலும், பிழையைச் சுட்டி வாதாடாமையும், சட்டைப்பையில் பெயரும் முகவரியும் எழுதிவைத்தலும் பெரிதும் உதவும். காவல் செய்வாருக்கும் ஓய்வு வேண்டும். ஒருவர் இரவு முறை வேலைக்குச் சென்றால் மற்றொருவர் வீட்டிலிருக்குமாறு குடும்பத்தார் பேசி முறை வகுத்துக்கொள்ளுதல் நலம்.

அல்ஸைமர் தம் நோயாளிக்குக் கொடுக்க மருந்தொன்றும் அறியாதவர். ஆயினும் அவர் எதிரே அமர்ந்து, கேட்டதையே மீண்டும் பொறுமையுடன் கேட்டு, சொன்னதைச் சொன்னவாறே எழுதிவைத்தார். அவர் எழுதிவைத்தமையாலேயே ஒரு ரயில்வே குமாஸ்தாவின் மனைவி தாம் மறந்த பெயரோடு நூறாண்டு கடந்தும் நினைக்கப்படுகின்றார். நம் கல்லூரியில் பிராணி சாஸ்திரமும் இரசாயனமும் பயிலும் இளைஞருள் எவரேனும் நாளை ஒரு சோதனைச்சாலையில் எலியின் நீச்சலை அளக்கும் பேறு பெறலாம். அங்ஙனம் பெறுவார், கண்டதைக் கண்டவாறே எழுதுவாராக. பெறாத நாம், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதே கேள்வியைப் பத்தாம் முறை கேட்கும் பாட்டிக்குப் பத்தாம் முறையும் முகங் கோணாமல் விடை கூறுவோமாக.